வகுப்பறையில் செமினார் வழங்குவது எப்படி?

பத்து நிமிடச் செமினாருக்குத் தயாராகும் மாணவர்களில் பலர், தலைப்பு கிடைத்தவுடன் மடிக்கணினியைத் திறந்து ஸ்லைடுகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பு, கேட்பவர் மனத்தில் பதிய வேண்டிய கருத்தை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். '2015 சென்னை வெள்ளம்' என்பது வெறும் தலைப்பு. 'செம்பரம்பாக்கம் ஏரி நீரை முன்கூட்டியே படிப்படியாகத் திறந்திருந்தால் அடையாற்றங்கரையில் சேதம் குறைந்திருக்கும்' என்பது நீங்கள் நிறுவ வேண்டிய கருத்து. அதற்குத் துணை நிற்காத செய்தியை, எவ்வளவு பாடுபட்டுத் திரட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

புள்ளிவிவரத்தைக் கேட்பவர் உணரும்படி சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது என்று மட்டும் சொன்னால், வகுப்பில் பாதிப் பேருக்கு அது எவ்வளவு என்று விளங்காது. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர், ஆகவே வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் அறுபத்தெட்டு ஒவ்வொரு வினாடியும் கொட்டும் அளவு என்று விளக்கினால், கோடைதோறும் தெருவில் அந்த லாரிக்காகக் காத்திருக்கும் சென்னை மாணவர் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார். இத்தகைய கணக்கு ஒரு பேச்சுக்கு ஒன்றிரண்டு போதும்.

தமிழ்வழியில் படித்துவிட்டுச் சென்னைக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்கள், ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றதும் முழு உரையையும் மனப்பாடம் செய்கிறார்கள். இது ஆபத்தானது, ஒரு சொல் மறந்தால் அடுத்த வரியும் வராது. விடுதி நண்பர் ஒருவரிடம் முழுவதையும் தமிழில் வாய்விட்டு விளக்குங்கள். அவர் குறுக்கிட்டுக் கேட்கும் இடங்களே உங்களுக்கும் தெளிவில்லாத இடங்கள். அவை சீரான பிறகு அதே வரிசையில் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். தொடக்க வாக்கியங்கள் இரண்டையும் முடிவு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். மொழி தடுமாறுவதால் உங்கள் அறிவு குறைந்துவிடுவதில்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்லைடில் உள்ளதை அப்படியே வாசிக்காதீர்கள். தமிழ் எழுத்துகளை யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் படி ஒன்றையும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சிதைந்து தெரியும். மின்விசிறிகள் முழு வேகத்தில் சுழலும் அறையில் கடைசி பெஞ்சுக்குக் குரல் எட்டுகிறதா என்பதை முந்தைய நாளே அங்கு நின்று சோதித்துவிடுங்கள்.

கேள்வி எழுந்தால் அதை முழுவதுமாகக் கேட்டு, அனைவருக்கும் கேட்கும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு விடையளியுங்கள். விடை தெரியாதபோது, "இதைப் பார்த்துவிட்டு அடுத்த வகுப்பில் சொல்கிறேன், ஐயா" என்று கூறி, அவ்வாறே பார்த்து வந்து சொல்லுங்கள்.