பிஎம்எக்ஸில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையா? புது பிரேக் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

என் அக்கா மகனின் 20 இஞ்ச் பிஎம்எக்ஸில் (வித்தை காட்ட ஓட்டும் சின்னச் சக்கரச் சைக்கிள்) பின் பிரேக்கை முழுக்க அழுத்தினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. கடையில் கொடுத்து, ரிம்மை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் பிரேக் கட்டையை மாற்றினோம், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை ரிம்மின் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துச் சக்கரத்தை ஒரே ஒரு சுற்று சுற்றினேன், துணி கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. செயினுக்கு அடித்த ஸ்பிரே எண்ணெய் ரிம்மில் தெறித்துப் படிந்து, புதுக் கட்டையிலும் ஊறியிருந்தது.

அதனால் முதல் வேலை ரிம். மெடிக்கல் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை அதை நனைத்துத் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், காய்ந்த பிறகும் பிசுக்கு விடும். கட்டையைக் கழற்றி, தரையில் விரித்த உப்புத்தாளில் அதன் மேல் ஏறியிருக்கும் பளபளப்பு போகும்வரை தேயுங்கள், உள்ளே பதிந்திருக்கும் உலோகத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுத்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய கட்டை என்றால் தேய்த்துப் பயனில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

ரிம் குரோம் பூசிய இரும்பா, அலுமினியமா என்றும் பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. குரோம் ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது, அது அந்த உலோகத்தின் இயல்பு. அதற்காக ரிம்மை உப்புத்தாளால் கீறிவிடாதீர்கள், குரோம் போய்த் துருப்பிடிக்கும். ஈரத்துக்கென்றே வரும் மென்மையான கட்டைகள் இருக்கின்றன, கூல் ஸ்டாப்பின் சால்மன் நிறக் கட்டை அதில் பெயர் பெற்றது.

சரி, இப்போது கேபிள். பிரேக் பலவீனத்துக்குப் பெரிய காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் அனுபவம். சக்கரத்துப் பக்கம், கட்டையைத் தாங்கும் பிரேக் கையில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கேபிளை விடுவியுங்கள். ஒரு கையால் ஒயரின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் லீவரை மெதுவாக அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மணலில் இழுப்பதுபோல நரநரவென்று இருந்தால், உங்கள் விரல் கொடுக்கும் பலமெல்லாம் கட்டைக்குப் போகும் முன்பே ஒயரை மூடியிருக்கும் அவுட்டர் குழாய்க்குள் செத்துப்போகிறது என்று அர்த்தம். ஒயர், அவுட்டர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அவுட்டரை வெட்டிய இடம் நசுங்கியிருக்கும், அதை அரத்தால் சமமாக ராவி, உள்துளையை ஊசியால் திறந்துவிட்டு, முனையில் தொப்பி மாட்டுங்கள். எங்கும் கூர்மையாக வளையக் கூடாது, அதேசமயம் ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பினாலும் இழுபடக் கூடாது. ஹேண்டிலைச் சுழற்றும் வித்தைகள் செய்யாதவர்கள் கைரோவை (ஹேண்டில் முழுச் சுற்று சுற்றினாலும் கேபிள் முறுக்காமல் பார்த்துக்கொள்ளும் பாகம்) கழற்றிவிட்டு நேராக ஒரே கேபிள் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் முதல் அழுத்தத்திலேயே தெரியும்.

லீவரும் பிரேக்கும் பொருந்த வேண்டும். வி-பிரேக் என்பது சக்கரத்தின் இருபக்கமும் தனித்தனியாக நிற்கும் நீளக் கைகள் கொண்டது, அதற்கான லீவர் அதிக நீளம் கேபிளை இழுக்கும். அதைச் சாதாரண கேலிப்பருக்கோ (ஒரே போல்ட்டில் மாட்டி இடுக்கிபோல ரிம்மைக் கவ்வும் பிரேக்) யு-பிரேக்குக்கோ (ஃபிரேமில் மாட்டிய இரு கைகள் டயருக்கு மேல் குறுக்காகப் போகும் பிரேக்) மாட்டினால் லீவர் கல்போல இறுக்கமாக இருக்கும், ஆனால் பிடிக்காது. மாறாக, சாதாரண லீவரை வி-பிரேக்குக்கு மாட்டினால் அது ஹேண்டில் வரை வந்து முட்டிவிடும். லீவரின் நுனியில் விரல் விழும்படி அதை ஹேண்டிலின் நடுப்பக்கமாகச் சற்று தள்ளி வையுங்கள், நெம்புகோல் நீளம் கூடும்.

கட்டையைத் திரும்ப மாட்டும்போது டயரில் உரசக் கூடாது, ரிம்முக்குக் கீழேயும் இறங்கக் கூடாது. சுழலும் ரிம் கட்டையைவிட்டு வெளியேறும் முனை ஒரு மில்லிமீட்டர் முன்னதாகத் தொடட்டும், கிறீச் சத்தம் நிற்கும். எதிர் முனையில் ஒரு அட்டையைச் சொருகிக்கொண்டு போல்ட்டை முடுக்கினால் இது தானாக அமையும். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கட்டையை 1 முதல் 2 மில்லிமீட்டர் நெருக்கத்துக்குக் கொண்டுவரவே முடியாது.

இவ்வளவுக்கும் பிடிக்கவில்லை என்றால் கேலிப்பரைக் கவனியுங்கள். அழுத்தும்போது தகட்டுக் கைகள் முறுக்கிக்கொண்டு வளைவது கண்ணுக்கே தெரிந்தால், அப்போதுதான் புது பிரேக்குக்குக் காசு போடலாம். போல்ட் துளையிலிருந்து கட்டை தொடும் இடம்வரை அளந்துகொண்டு போய் வாங்குங்கள்.

பிள்ளையிடம் கொடுக்கும் முன் நின்ற இடத்திலேயே லீவரைப் பத்துமுறை பலமாக அழுத்திப் பாருங்கள், ஒயர் போல்ட்டில் நழுவக் கூடாது. பிறகு ஆள் நடமாட்டமில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். புதுக் கேபிள் சில நாளில் தொப்பிக்குள் அமர்ந்து கொஞ்சம் தொய்யும், அப்போது கேபிளை இறுக்கும் திருகான அட்ஜஸ்டரை இரண்டு சுற்று திருகிவிட்டால் போதும்.