ஜெர்மனிக்கு படிக்க வர்ற பசங்களே, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ரூம் சாவி எப்ப கிடைக்கும்னு கேளுங்க

ஏபிஎஸ் (நம்ம மார்க்‌ஷீட், டிகிரிய சரிபாத்து குடுக்கற சர்ட்டிபிகேட்), விசா, பிளாக்ட் அக்கவுண்ட்ல (ஒரு வருஷ செலவுக்கு முன்கூட்டியே போட்டு வைக்கற அக்கவுண்ட்) 11,904 யூரோ, இன்சூரன்ஸ் இதெல்லாம் உங்களுக்கே மனப்பாடம், வாட்ஸ்அப் குரூப்ல நாள் பூரா அதான் ஓடுது. ஒருத்தரும் பேசாத விஷயம் ரூம் சாவி, அத மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க.

இங்க ஸ்டூடன்ட் ஹாஸ்டல்ல வாட்ச்மேன் கிடையாது, வார்டனும் கிடையாது. ராத்திரி எத்தன மணிக்கு போனாலும் யாராச்சும் வந்து கேட்டை திறப்பாங்கன்னு நம்ம ஊர் பழக்கத்துல நினைச்சுடாதீங்க. சாவி ஹவுஸ்மைஸ்டர்கிட்ட இருக்கும், பில்டிங்க பாத்துக்கறவர். பெரும்பாலும் வாரநாள்ல சில மணி நேரம்தான் அவருக்கு ஆபீஸ், அது முடிஞ்சா வீட்டுக்கு போயிடுவார், போனும் எடுக்க மாட்டார்.

2025 அக்டோபர்ல என் சித்தி பையனும் அவன் கூட கோயம்புத்தூர்ல படிச்ச பசங்களும் சேந்து அஞ்சு பேர் வந்தாங்க. ரூம் கான்ட்ராக்ட் 1-ஆம் தேதிலேந்து. ஆனா அன்னைக்கு ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி, படிக்கப் போற புள்ளைங்க விஜயதசமிக்கு கிளம்பட்டும்னு வீட்ல எல்லாரும் சொல்ல, கன்சல்டன்சிக்காரர் தலைய ஆட்டிட்டு 2-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டார். நாள் பாக்கறத நான் குறை சொல்லல, எங்கம்மாவும் பாப்பாங்க. வருஷா வருஷம் பசங்கள அனுப்பி காசு வாங்கறவருக்கு அக்டோபர் 3 ஜெர்மனி பூரா லீவுன்னு தெரிய வேணாமா? ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணு சேந்த நாள், 1990-லேந்து அரசு விடுமுறை. அந்த வருஷம் அது வெள்ளிக்கிழமை. அதாவது வியாழன் சாயங்காலம் மூடின ஆபீஸ் திங்கள் காலைலதான் திறக்கும்.

ஃப்ராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ல ரெண்டு ஸ்டேஷன் இருக்கு, ஐசிஇ மாதிரி தூரம் போற ஸ்பீடு ரயிலுக்கு ஒண்ணு, லோக்கல் வண்டிக்கு ஒண்ணு. இவங்க வச்சிருந்தது டாய்ச்லாண்ட்டிக்கெட், ஜெர்மனி பூரா லோக்கல் வண்டில போறதுக்கான மாச பாஸ், அப்ப 58 யூரோ, 2026 ஜனவரிலேந்து 63. அதுல ஐசிஇ ஏற முடியாது, லோக்கல் வண்டிதான், அதனால ஆளுக்கு ரெண்டு சூட்கேஸோட மாறி மாறி கிழக்கு ஜெர்மனியில அந்த சின்ன ஊருக்கு வந்து சேரும்போது நல்லா இருட்டிடுச்சு. ஹவுஸ்மைஸ்டர் கதவுல ஒட்டியிருந்த பேப்பர தம்பி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி "அண்ணா இதுல என்ன போட்டிருக்கு"ன்னு கேக்கறான். வாசல்ல சென்சார் லைட்டு, கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடும், யாராவது எந்திரிச்சு கைய ஆட்டினா திரும்ப எரியும். மழை வேற. பார்ட் டைம் வேலை முடிச்சுட்டு வந்த ஒரு தெலுங்கு பையன் பாத்துட்டு உள்ள காமன் கிச்சன்ல உக்கார வச்சான், அவன் நல்லா இருக்கணும். அங்கேந்தே வீட்டுக்கு வீடியோ கால் போட்டு "ரூம் நல்லா இருக்கும்மா"ன்னு சொல்லியிருக்காங்க.

காலைல நான் போய் சேந்தேன். லீவுங்கறதால சூப்பர்மார்க்கெட் எதுவும் கிடையாது, பெரிய ஸ்டேஷன்ல இருக்கற கடைங்கதான் திறந்திருக்கும், அந்த ஊர்ல அதுவும் இல்ல. அம்மாங்க கட்டிக் குடுத்த பருப்புப் பொடியும் ஒருத்தன் கொண்டு வந்த அரிசியும்தான் சாப்பாடு. (நெய், பால்கோவா வேணாம், பால், கறி சம்பந்தப்பட்டது எதையும் வெளிநாட்டுலேந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு வரக்கூடாது, கஸ்டம்ஸ்ல புடுங்கிடுவாங்க.) திங்கள் வரைக்கும் ஹோட்டல், ஏறக்குறைய ஒரு மாச ரூம் வாடகை அதுலயே போச்சு. பிளாக்ட் அக்கவுண்ட் காசு இங்க பேங்க் அக்கவுண்ட் திறந்த பிறகுதான் மாசா மாசம் வரும், அதனால கைக்காசுதான் கரைஞ்சுது.

ஆகவே ஃப்ளைட் போடறதுக்கு முன்னாடி ஹாஸ்டலுக்கு மெயில் போட்டு சாவி எந்த கிழமை, எத்தன மணிக்குள்ள வாங்கணும்னு கேளுங்க, டெபாசிட்டும் முதல் மாச வாடகையும் கட்டின ரசீது கேப்பாங்களான்னும் கேளுங்க. திங்கள் இல்ல செவ்வாய் காலைல ஊருக்குள்ள இருக்கற மாதிரி வாங்க. ஏப்ரல் பேட்சுக்கு ஈஸ்டர்தான் கண்டம்: 2026-ல குட் ஃப்ரைடே ஏப்ரல் 3, ஈஸ்டர் மண்டே 6, நாலு நாள் ஆபீஸ் கிடையாது. தேதி மாத்தவே முடியலன்னா அங்க இருக்கற சீனியருக்கு ஃபோல்மாக்ட்னு ஒரு அனுமதிக் கடிதம் எழுதி கையெழுத்து போட்டு பாஸ்போர்ட் காப்பியோட அனுப்புங்க, நிறைய ஹாஸ்டல்ல அவங்ககிட்ட சாவி குடுப்பாங்க, ஆனா முன்னாடியே கேட்டுக்கணும்.

சாவி வாங்கும்போது ஒரு பேப்பர் நீட்டுவாங்க, ரூம் எந்த நிலைமையில இருக்குன்னு. அவசரத்துல கையெழுத்து போடாதீங்க, சுவத்துல கீறல், அடுப்புல கறை எல்லாம் எழுத சொல்லி போட்டோவும் எடுத்து வைங்க, காலி பண்ணும்போது டெபாசிட்ல கை வைப்பாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள சிட்டி ஆபீஸ்ல அட்ரஸ் பதிவு பண்ண வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்னு, நீங்க இங்கதான் குடியிருக்கீங்கன்னு ரூம் குடுத்தவங்க எழுதித் தர்ற ஒரு ஃபார்ம் வேணும், வாய்ல நுழையலன்னா எழுதி காட்டுங்க, ஹவுஸ்மைஸ்டர பாக்கற அன்னைக்கே அதையும் கேட்டு வாங்கிடுங்க.