காலாண்டு விடைத்தாளிலிருந்து அடுத்த மூன்று வாரப் பாடத்தைத் திட்டமிடுவது எப்படி?

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பதிவேட்டில் ஏறுவது மொத்த மதிப்பெண் மட்டும்தான். 60க்கு 27 வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு முழுக்களில் (−7, 0, 3 போன்ற எண்களில்) குழப்பம் இருக்கும், இன்னொருவருக்கு வாசிப்பதிலேயே சிரமம் இருக்கும். இருவரையும் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்த்து மாலை வகுப்பில் உட்காரவைத்தால் யாருக்கும் பயனில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி வாரியாகப் பார்த்தால்தான் தெரியும். ஏழாம் வகுப்புக் கணக்கை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகத்தான். உங்கள் வகுப்பு எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கட்டம் போடுங்கள்

விடைத்தாளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வீட்டுக்குப் போன தாள் திரும்பி வராது.

நீளமான கட்டம்போட்ட நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பெயர்கள், மேலே கேள்வி எண்கள். உட்பிரிவு இருந்தால் 7அ, 7ஆ எனத் தனித்தனிப் பத்தி. சரி என்றால் 1, தவறு என்றால் 0, எழுதவே இல்லை என்றால் ஒரு கோடு, பாதி சரி என்றால் ½. தேர்வுக்கு வராத பிள்ளையின் வரிசை முழுவதும் 'வ'. ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினால் 32 பேருக்கு இரண்டு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். வராதவருக்கு 0 போட்டுவிடுவது ஒன்று. அதனால் சதவீதம் குறைந்துபோகும். கோட்டுக்கும் 0 போட்டுவிடுவது இன்னொன்று. பெரிய தவறு இரண்டாவதுதான், ஏனென்று அடுத்த படியில் பாருங்கள்.

படி 2: பத்தியைக் கூட்டுங்கள்

32 பேரில் 3 பேர் வரவில்லை, எழுதியவர்கள் 29. ஆறாவது கேள்வி −7 + 3. சரி 11, தவறு 14, கோடு 4. அதாவது 38 சதவீதம். கடைசிக் கேள்வி ஒரு வாக்கியக் கணக்கு. சரி 6, தவறு 5, கோடு 18. அதாவது 21 சதவீதம்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் 'கடினம்' என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆறாவது கேள்வியில் பிள்ளைகள் துணிந்து தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மனதில் ஏதோ ஒரு விதி இருக்கிறது, அது தவறான விதி. கடைசிக் கேள்வியை அவர்கள் தொடவே இல்லை. நேரம் போதவில்லையா, பாடமே அதுவரை நடக்கவில்லையா, கேள்வி புரியவில்லையா? அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கோடு விழுந்தவர்களில் நாலு பேரை அழைத்து, அதே கணக்கை நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். உடனே போட்டுவிட்டால் குறை வாசிப்பில். தமிழாசிரியரோடு பேச வேண்டிய விஷயம் அது.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால் கவனம்: கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டாலே 25 சதவீதம் சரியாகும். அங்கே 30 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியவில்லை என்றே கொள்ளுங்கள்.

படி 3: தவறான விடைகளை அப்படியே எழுதுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. விஷயமே இங்கேதான் இருக்கிறது. −7 + 3க்கு வந்த 14 தவறான விடைகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். −10 என்று 9 பேர், 10 என்று 3 பேர், 4 என்று 2 பேர் என வைத்துக்கொள்வோம். −10 போட்டவர் கூட்டல் குறியைக் கண்டதும் கூட்டிவிட்டு, முன்னால் இருந்த குறியை ஒட்டவைத்திருக்கிறார். 10 போட்டவர் குறை எண்ணையே கண்டுகொள்ளவில்லை. 4 போட்டவர் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டுக் குறியை மட்டும் விட்டிருக்கிறார். அவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள்: "இத எப்படிப்பா போட்ட? சொல்லு, பார்ப்போம்." அவர் சொல்லி முடிக்கும்வரை திருத்தாதீர்கள். திருத்த ஆரம்பித்தால் அடுத்த பிள்ளை உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும்.

படி 4: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

கட்டத்தில் ஐந்தாறு ஓட்டைகள் தெரியும். எல்லாவற்றையும் அடைக்கப் போனால் ஒன்றும் அடையாது. அதிகம் பேரைப் பாதிப்பது, அடுத்த பாடத்துக்குத் தேவைப்படுவது, இரண்டுக்கும் பொருந்துவதை எடுங்கள். முழுக்களின் கூட்டல் அப்படிப்பட்டது. அது தெரியாமல் இயற்கணிதத்துக்குள் போக முடியாது.

குழு பிரிப்பது தவறின் வகையை வைத்து, ரேங்கை வைத்து அல்ல. 52 வாங்கிய பிள்ளையும் −10 குழுவில் இருக்கலாம். வரிசை முழுக்க 0 விழுந்தவர்களுக்கு முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அந்தப் பாடம் நடந்த நாட்களில் பிள்ளை பள்ளியிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம்.

படி 5: வேறு மாதிரி நடத்துங்கள்

பழைய முறையிலேயே இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் தவறுக்குத்தான் பயிற்சி கிடைக்கும். புளியங்கொட்டையை மிகை ஒன்றாகவும் சிவப்புக் கூழாங்கல்லைக் குறை ஒன்றாகவும் வைத்துக்கொள்ளுங்கள். −7 என்றால் ஏழு கல். மூன்று கொட்டையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு கல்லும் ஒரு கொட்டையும் ஜோடி சேர்ந்தால் பூச்சியம், ஜோடியைத் தள்ளிவிடலாம். மூன்று ஜோடி போக மிச்சம் நாலு கல், அதுதான் −4. தரையில் சாக்பீஸால் எண்கோடு போட்டு நடக்கவைப்பதும் நல்லதுதான், ஆனால் முப்பது பேர் நடக்கப் பாடவேளை பத்தாது.

படி 6: மூன்றாம் வாரம் மறுபடி பாருங்கள்

ஐந்து கணக்கு, பத்து நிமிடம், மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது. −8 + 5, 6 + (−9), −2 + 7 என்று எண்களை மாற்றுங்கள். −3 + (−4) கட்டாயம் இருக்கட்டும். 'குறி இருந்தால் கழிக்கணும்' என்று புது விதி பிடித்துக்கொண்ட பிள்ளை இதற்கு −1 போடும். இந்தக் கணக்கை விட்டுவிட்டால் அந்தத் தவறு அரையாண்டில்தான் வெளியே வரும்.

ஐந்தில் நான்கு சரி என்றால் குழுவிலிருந்து விடுவித்துவிடலாம். 29 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது மூன்றரை சதவீதம். 38 சதவீதம் 45 ஆனது என்றால் இரண்டு பிள்ளை கூடியிருக்கிறார்கள், அவ்வளவே. இன்னும் ஒரு வாரம் எடுங்கள்.

பள்ளி முழுவதற்கும்

ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக் கட்டங்களையும் தலைமையாசிரியர் அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். 403 − 178க்கு 375 என்ற விடை (ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தது) மூன்று வகுப்பிலும் வந்தால் சிக்கல் தொடக்க வகுப்பிலிருந்தே வருகிறது. ஏழாம் வகுப்பு ஆசிரியரைக் கேட்டுப் பயனில்லை. 'அ' பிரிவையும் 'ஆ' பிரிவையும் ஒப்பிட்டு ஆசிரியரைக் குறைசொல்ல மட்டும் இந்தக் கட்டத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் அடுத்த தேர்வில் கோடுகள் எல்லாம் மாயமாகி 1 ஆகிவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். பெயருள்ள கட்டம் சுவரில் ஒட்ட அல்ல, ஆசிரியரின் பீரோவுக்குள் இருக்க வேண்டியது.