தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்து இங்கிலாந்து வந்தவர்களுக்கு: பிரிவு என்று வந்துவிட்டால்

பிரிந்துவிடலாம் என்று தோன்றியதும் பலரும் முதலில் ஊருக்குத்தான் போன் போடுகிறார்கள். அன்று இரவே பாலக்கோட்டில் அழுகை, மறுநாள் பர்கூரில் பெரியவர்கள் கூட்டம், மூன்றாம் நாள் இங்கே பாஸ்போர்ட்டைக் காணோம். முதலில் காகிதம், அடுத்து விசா, சொந்தபந்தம் அப்புறம்.

பாஸ்போர்ட், கல்யாணப் பதிவுச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, சம்பள ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் படமெடுத்து, துணைக்குத் தெரியாத புது மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். இங்கே விசா இப்போது அட்டையாக இல்லை, இணையக் கணக்கில் இருக்கும் ஈ-விசாதான். டிபெண்டன்டாக, அதாவது துணையின் விசாவைச் சார்ந்து வந்தவரின் யூகேவிஐ (இங்கிலாந்து விசா, குடிவரவுத் துறை) கணக்கைத் துணையே தன் மின்னஞ்சலும் போன் எண்ணும் கொடுத்துத் திறந்திருப்பது சகஜம். உள்ளே நுழையும் குறியீடு அவர் போனுக்குத்தான் போகும். பிறகு வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ உங்கள் விசாவைக் காட்டவும் அவர் தயவு வேண்டும். எண்ணை மாற்றவும் அதே குறியீடு கேட்கும் என்பதால், பேச்சு முற்றுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியே வாட்ஸ்அப்பில் வேறு எந்தக் கருவி இணைந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

விவாகரத்து ஆகும்வரை டிபெண்டன்ட் விசா நிற்கும் என்று நினைக்காதீர்கள். உறவு முறிந்ததையே உள்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்ததும் விசாக் காலத்தை வழக்கமாக 60 நாளாகக் குறைப்பார்கள். அதற்குள் சொந்த விசா கிடைக்குமா என்று பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள். வீட்டில் கொடுமை என்றால் தனிச் சலுகை உண்டு. 2024 முதல் வேலை விசாக்காரரின் துணைக்கும் அது பொருந்தும். அரசு உதவி பெறும் உரிமையோடு 3 மாதம் தங்க அனுமதி கிடைக்கும், ஆனால் கையிலிருக்கும் விசா அதோடு போய்விடும். ஆபத்தில் வாய் திறந்து பேச முடியாவிட்டால் மொபைலில் 999 அழைத்து, கேட்கும்போது 55 அழுத்துங்கள். குடும்ப வன்முறைக்கான இலவச உதவி எண் 0808 2000 247.

இனி வழக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் யார்மீதும் குற்றம் சாட்டாமல் மனுப் போடலாம். கல்யாணமாகி ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். மனு ஏற்கப்பட்ட பின் முதல் கட்ட உத்தரவு கேட்க 20 வாரம், அது கிடைத்த பின் இறுதி உத்தரவு கேட்க 6 வாரம் ஒரு நாள். குறைந்தது ஆறு மாதம்.

கிடைத்த தீர்ப்பு ஊரில் செல்லுமா என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். 1991-ல் ஒய். நரசிம்ம ராவ் (முன்னாள் பிரதமர் அல்ல) எதிர் வெங்கடலட்சுமி என்ற விவாகரத்து வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது இது: நீங்கள் எந்தச் சட்டப்படி கல்யாணம் செய்தீர்களோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும், எதிர்த்தரப்பும் மனமொப்பி வழக்கில் கலந்திருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் 'ஒத்துவரவில்லை' என்று ஒருவர் மட்டும் சொல்லி வாங்க வழி இல்லை. ஆகவே இருவருக்கும் சம்மதம் என்றால் ஊரிலேயே அந்தச் சட்டத்தின் 13பி பிரிவில் (இருவர் சம்மத விவாகரத்து) போடுவது எங்கள் கணிப்பில் பத்திரம். ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். பிறகு வரும் ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. கல்யாணம் நடந்த ஊரிலோ கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலோ போடலாம். ஓசூர்க் குடும்பங்கள் கவனிக்கவும்: மண்டபம் பெங்களூரு என்றால் அங்கேயும் போடலாம், பதிவுச் சான்றும் கர்நாடகத்தில் இருக்கலாம். இங்கிருந்து பவர் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள். ஊர் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டாவிட்டால் அது சிக்கலில் மாட்டும்.

பெரியவர்கள் உட்கார்ந்து பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கும் 'அத்துவிடுதல்' மட்டும் போதாது. நோட்டரி முத்திரை இருந்தாலும் அது விவாகரத்து ஆகாது. உங்கள் சமூகத்தில் அந்த வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்று நிரூபித்தால்தான் சட்டம் ஏற்கும். அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரலாம்.

சீராக வந்த நகையும் பாத்திரமும் பெண்ணின் சொத்து. நகை யார் பெயர் லாக்கரில் இருக்கிறது, எத்தனை சவரன், எது அடகில் என்று இப்போதே எழுதுங்கள். பில் இல்லையென்றால் கல்யாண ஆல்பம் உதவும். முகூர்த்தப் படத்தில் கழுத்து, காது, கை, இடுப்பு தெளிவாகத் தெரியும். இங்குள்ள ஜாயின்ட் அக்கவுன்ட்டில் ஓவர்டிராஃப்ட் ஏறினால் யார் எடுத்திருந்தாலும் முழுக் கடனும் இருவர் தலையிலும் விழும். வங்கியிடம் சொல்லி நிறுத்தி வையுங்கள்.

பிள்ளையை 'நாலு நாள் பாட்டி வீட்டுக்கு' என்று ஊருக்குக் கூட்டிப் போகவேண்டாம். மற்றவருக்கும் பெற்றோர் உரிமை இருந்தால், அவர் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோவது இங்கே குற்றம். வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேராததால் நீதிமன்றம் இதில் கூடுதல் கண்டிப்பு. சம்மதத்தை எழுத்தில், திரும்பும் தேதியோடு வாங்குங்கள்.

மனம் உடையும் நேரம் பெரும்பாலும் பிள்ளை தூங்கிய பிறகுதான். இங்கே இரவு 9 என்றால் ஊரில் ஒன்றரை மணி, குளிர்காலத்தில் இரண்டரை. அம்மாவை எழுப்பினால் அவரும் அப்புறம் தூங்கமாட்டார். இந்த ஊரிலேயே ஒருவரைப் பிடித்து வையுங்கள், தீர்ப்புச் சொல்லாதவராக. இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) தரும் பேச்சுச் சிகிச்சைக்கு, அதாவது மனநல ஆலோசனைக்கு, டாக்டர் சீட்டு இல்லாமலே பதியலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வரிசை நீளம் என்பதால் முடிவெடுக்கும் முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 116 123, இலவசம்.