நாவலில் ஒரு பனியன் கம்பெனி தொடங்குவது எப்படி

என் நாவலின் முதல் வரைவில் மயிலாத்தாள் நிட்ஸ் என்ற பனியன் கம்பெனி மூன்றாவது அத்தியாயத்திலேயே திவாலாகிவிட்டது. எனக்கு அது தெரியவே இல்லை. பதினாறாவது அத்தியாயம் வரைக்கும் கம்பெனியை நடத்திக்கொண்டே போயிருந்தேன். திருப்பூரில் கட்டிங் யூனிட் வைத்திருக்கிற என் சித்தி பையன் படித்துவிட்டு போன் பண்ணினான். "அக்கா, திங்கக்கிழமை நூல் வருது, வெள்ளிக்கிழமை பெட்டி கட்டறாங்க. நடுவுல துணி எப்பக்கா சாயத்துக்குப் போச்சு?"

இருபத்தொரு வருஷம் பனியன் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதியவள் நான். எனக்கே இந்த லட்சணம். கதை எழுத உட்கார்ந்ததும் முதலாளியின் மீசை, அவர் மனைவியின் மூக்குத்தி, வேப்பமரம் என்று மனசு போய்விட்டது. கம்பெனி அந்தரத்தில் நின்றது. தொழிலை வைத்து நாவல் எழுத நினைக்கிறவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். என் ஊர் திருப்பூர் என்பதால் உதாரணமெல்லாம் பனியன்தான். உங்கள் நாவல் சிவகாசி அச்சகத்திலோ கோவை பவுண்டரியிலோ நடந்தாலும் வழி இதுதான்.

முதலாளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு ஆர்டரை எடுங்கள். நான் எடுத்தது 10,000 டி-சர்ட், அடர் நீலம், 180 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். வெட்டுக் கழிவோடு சேர்த்து ஒரு சட்டைக்கு 220 கிராம் துணி என்று வைத்தால் 2,200 கிலோ. சாயத்தில் எடை குறையும். ஆறு சதவீதம் போனால், நூலைத் துணியாக்குகிற நிட்டிங்கில் 2,340 கிலோ ஓட்ட வேண்டும். ஒரு மெஷின் நாளுக்கு 250 கிலோ ஓட்டினால் மூன்று மெஷினுக்கு மூன்று நாளுக்கு மேல். சாயப்பட்டறையில் 500 கிலோ மெஷின் என்றால் ஐந்து லாட், அதாவது ஐந்து தடவை போட்டு எடுக்க வேண்டும். அடர் நிறத்துக்கு ஒரு லாட் எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கும். தையலுக்கு நான் வைத்திருந்தது பன்னிரண்டு மெஷின், நாளுக்கு 600 பீஸ். வகுத்துப் பாருங்கள், பதினேழு நாள். நான் எழுதி வைத்திருந்ததோ ஐந்து நாள்!

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது, யோசிக்காமலே எனக்கு எட்டுத் தொழில்கள் கிடைத்திருந்தன. நூல் வியாபாரி, நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி மெஷினில் இறுக்குவது), பிரிண்டிங், தையல் யூனிட், லேபிளும் பாலிபேக்கும் தருகிறவர், வாங்குகிறவர் சார்பில் ஆர்டர் கொடுக்கிற, சென்னையில் இருக்கிற பையிங் ஆபீஸ். அத்தனைக்கும் முதலாளி முகம் வரையாதீர்கள். மூன்று பேருக்கு முகம் போதும். மற்றவர்கள் போன் குரலாகவோ டெலிவரி சலானில் ஒரு கையெழுத்தாகவோ வந்து போகட்டும்.

அடுத்தது கடன் தாள். இதில்தான் மனிதர்கள் பிறக்கிறார்கள், இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். ஒரு முழுத் தாளில் அந்த எட்டுப் பேரையும் வட்டமாக எழுதி, யார் யாருக்கு எத்தனை நாள் கடன் என்று கோடு போடுங்கள். என் நாவலில் நூலுக்குப் பதினைந்து நாளில் பணம் கட்ட வேண்டும். சாயத்துக்கு அறுபது நாள். பையர், அதாவது சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக்காரர், தருகிற பணம் சரக்கு கப்பல் ஏறி அறுபது நாள் கழித்து. தையலுக்கு மட்டும் வாராவாரம், சனிக்கிழமை சாயங்காலம். அந்த ஒரு கோட்டுக்குத் தவணையே கிடையாது.

தாளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தால், மயிலாத்தாள் நிட்ஸ் முதலாளி சின்னச்சாமி எப்படிப்பட்ட ஆள் என்று அதுவே சொல்லும். திங்கள் முதல் புதன் வரை எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். வியாழன் மதியம் போனை எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை மனைவியின் வளையலைப் பற்றி, எதேச்சையாகப் பேசுவதுபோல ஒரு வார்த்தை விடுவார். கஞ்சரா, நல்லவரா, சுரண்டுகிறவரா என்று நாம் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியதில்லை. கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஆள் மூன்றுமாகவும் இருப்பார். நான் கணக்கு எழுதிய ஓர் இடத்தில் முதலாளி சனிக்கிழமை மதியமே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சம்பளக் கவர் கொடுக்கிற வேலை என் தலையில். "அடுத்த வாரம் சேத்துத் தர்றாங்களாம்" என்று கைமடிக்கிற, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற அம்மாக்களிடம் சொன்னது நான்தான். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. நாவலில் அதை அப்படியே கணக்குப்பிள்ளைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

கடன் தாளில் உறவையும் எழுதுங்கள். கொங்குப் பக்கம் கவுண்டர் முதலாளிகள் இருவர் ஒரே கூட்டம் (குலம்) என்றால் பங்காளி, வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். பங்காளியிடம் கேட்கிற கடனுக்கும் மச்சானிடம் கேட்கிற கடனுக்கும் குரல் வேறு. இன்னொன்று, காகிதத்தில் யார் முதலாளி? எத்தனையோ சின்னக் கம்பெனிகள் மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோதான் இருக்கும். செக்கில் கையெழுத்துப் போடுவது சரஸ்வதி, கம்பெனிக்குள் ஒருநாளும் வராதவர். என் நாவலில் அப்படி ஒருத்தி ஐந்தாவது அத்தியாயத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். கதை அங்கேதான் எழுந்து நின்றது.

இப்போது ஒரு கருவி. ஒவ்வொரு தொழிலிலும் சண்டை தொடங்குகிற ஒரு சின்னச் சாமான் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி உரையாடல் தானாக வரும். பனியனில் அது ஜி.எஸ்.எம். கட்டர். உள்ளங்கையால் பிடிக்கிற அளவு வட்டமான சாமான். துணியை ரப்பர் பலகைமேல் விரித்து, கட்டரை வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் விழும். அதை எலக்ட்ரானிக் தராசில் வைத்து, வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 1.80 கிராம் வந்தால் 180.

சின்னச்சாமி சாயப்பட்டறையிலேயே ரோலைப் பிரித்து வட்டம் போடுகிறார். தராசு 1.68 காட்டுகிறது. இன்னொரு இடத்தில் போடுகிறார். 1.68. பையர் ஐந்து சதவீதம் வரை பொறுப்பார், அதாவது 171 வரை.

"ஏனுங் மச்சான், நூத்தி எம்பது கேட்டா நூத்தி அறுவத்தெட்டு வந்திருக்குதுங்களே?"

"நிட்டிங்ல லூப்பைக் கூட்டி லேசா ஓட்டியிருந்தா நா என்னங்க பண்றது. எனக்கு வந்த துணிக்கு நா சாயம் போட்டுக் குடுத்தனுங்."

"காம்பாக்டிங்கும் உங்க மெசின்தானுங்களே."

பட்டறைக்காரர் அந்தத் துணி வட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல. "டீ சாப்ட்டுட்டுப் போலாமுங்" என்கிறார்.

யார் மேல் தப்பு என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாத்திரங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று இல்லை. இதில் 'மச்சான்' என்ற சொல்லும் வேலை செய்கிறது. பங்காளியாக இருந்திருந்தால் சின்னச்சாமி இன்னும் ஒரு பிடி கடுமையாகக் கேட்டிருப்பார்.

வருஷத்தைத் தாளின் உச்சியில் எழுதுங்கள். 'தொண்ணூறுகளில்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. 2004 டிசம்பர் 31 வரை ஏற்றுமதிக்குக் கோட்டா, அதாவது இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற அளவு இருந்தது. அதற்கு முன்னால் நடக்கிற கதையில் கோட்டாவே ஒரு சொத்து. 2017 ஜூலைக்குப் பிந்திய கதை என்றால் ஜி.எஸ்.டி. வேண்டும். நான் 2010 நவம்பர் முதல் 2011 மார்ச் வரை எடுத்துக்கொண்டேன். அந்த சீசனில் பருத்தி விலை எகிறி நூல் விலையும் ஏறியது. பேசிய விலைக்கு ஆர்டர் முடித்தால் நஷ்டம் என்ற நிலை. பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை முழுக்கச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி வெளியூருக்குப் போய்ச் சாயமாகித் திரும்ப வேண்டியதாயிற்று. 168 வந்த துணியைச் சரி செய்ய மச்சானிடமே திருப்பி அனுப்பலாம் என்று சின்னச்சாமி நினைத்திருந்தாரே, அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டறைக்காரரை மட்டும் வில்லனாக்கி, சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றை ஒரு கவிதைப் பத்தியில் அழவிட்டுவிட்டுப் போவது சுலபம். ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரத்துப்பாளையம் அணைக்கு அக்கம்பக்கத்தில் விவசாயம் பண்ணியவர்களிடம் பேசுங்கள். பட்டறையில் வேலை பார்த்தவர்களிடமும் பேசுங்கள். என் பட்டறைக்காரரின் மாமனாருக்கு அந்தப் பக்கம்தான் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போய், தென்னை காய்ப்பை நிறுத்திவிட்டது. மருமகன் வீட்டு விசேஷத்துக்கு அவர் வருகிறார், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்க மாட்டார்.

பெயர் வைப்பதைப் பற்றி ஆளாளுக்குப் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அது அரை நாள் வேலை. கம்பெனி போர்டில் வருவது பெரும்பாலும் சாமி பெயர், பெற்றவர் பெயர், பிள்ளைகளின் முதலெழுத்துச் சேர்க்கை. கூடவே நிட்ஸ், டெக்ஸ், கார்மெண்ட்ஸ், எக்ஸ்போர்ட்ஸ் என்று ஒரு வால். 'குளோபல்' என்று போட்டிருந்தால் மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். பெயர் முடிவானதும் அப்படி ஒன்று நிஜத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம், டிரேட்மார்க் தேடல், கூகுள் மேப். தனி ஆள் நடத்துகிற கம்பெனி அமைச்சகத் தளத்தில் இருக்காது, அதனால் நான் ஊருக்குள் டெம்போ ஓட்டுகிறவர் ஒருவரிடம் கேட்டுவிடுவேன். முதலில் நான் வைத்த பெயர் மங்கலம் ரோட்டில் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். நிறுவனத்தைப் பற்றி எழுதினாலும் அவதூறு அவதூறுதான். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. முன்பக்கத்தில் 'அனைத்தும் கற்பனையே' என்று ஒரு வரி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

கம்பெனியைச் சாகடிப்பதாக இருந்தால் தீ விபத்து வேண்டாம். நாள் தவறினால் போதும். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டி வந்தால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும், சில சமயம் அடுத்த ஆர்டரின் லாபமும் சேர்ந்து. ஏற்றாவிட்டால் மிஞ்சிய சரக்கை விற்கிற உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய் வந்த விலைக்குத் தள்ள வேண்டும். சின்னச்சாமி 4,000 பீஸை விமானத்தில் அனுப்பினார். மீதி காதர்பேட்டைக்கு. எண்ணாமல் எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று வாங்குகிறவர் சொன்னதும், பதினேழு நாள் தைத்த துணி அவர் கண்முன்னே மறுபடி கிலோவானது. வந்த பணத்தில் அந்த வாரக் கவர்களைப் போட்டார். காரை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் அன்றைக்கு அவரே உட்கார்ந்து கொடுத்தார். அந்தச் சனிக்கிழமையை ஒன்பது தடவை எழுதினேன்.

திருத்திய வரைவைத் தம்பிக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டான். "நல்லா இருக்குதுக்கா. சாயத்துக்காரர் டீ சாப்படச் சொல்றாரு பாரு, அப்படியேதான் சொல்லுவாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "ஆமா, லேபிள்காரருக்குக் காசு யாரு குடுத்தா?"

சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். அவர் வட்டத்திலிருந்து ஒரு கோடும் கிளம்பவில்லை.