முதியோர் இல்லத்தில் மருந்துகளைப் பேணுவதும் அகற்றுவதும்: புதிய பராமரிப்பாளருக்கான செய்முறை

திருகோணமலையில் முதியோர் இல்லமொன்றில் பணியைத் தொடங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது, கிளினிக்கிலிருந்து வரும் கடதாசி உறைகளையே. உறையை விட்டு வெளியே வந்த வெள்ளைக் குளிசை நீரிழிவுக்குரியதா இரத்த அழுத்தத்துக்குரியதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, உறை வந்தவுடன் அதிலுள்ள பெயர், அளவு, நேரம் ஆகியவற்றைக் கிளினிக் கொப்பியுடன் ஒப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டியில் உறையோடு வையுங்கள். எழுத்து விளங்காவிடில், ஊகிக்காமல் மருந்தாளரிடம் கேளுங்கள்.

அடுத்தது சேமிப்பு. பூட்டிய அலுமாரி சமையலறைக்கும் சன்னலுக்கும் தள்ளியிருக்க வேண்டும். இங்கு வெயில் மாதங்களில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழமை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. திறந்த குப்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு 28 நாட்களே எல்லை என்பதால், திறந்த திகதியைக் குப்பியிலேயே எழுதுங்கள்.

மருந்து கொடுக்கும்போது பெயரை உறுதிப்படுத்தி, விழுங்கியதைப் பார்த்த பின்னரே பதிவேட்டில் ஒப்பமிடுங்கள். மெதுவாகக் கரையும் குளிசைகளை இடிக்கக் கூடாது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து; அந்த உறையில் கிழமையைப் பெரிதாக எழுதுவதை நான் மிக அவசியமென்று கருதுகிறேன்.

காலாவதியானவை, வைத்தியர் மாற்றியவை, காலமானவருடையவை ஆகிய மூன்றையும் அன்றைக்கே அலுமாரியிலிருந்து எடுத்து, இருவர் சேர்ந்து எண்ணிப் பதியுங்கள். இன்னொருவருக்கு உதவுமே என்று எடுத்து வைக்கும் நல்லெண்ணம்தான் பல தவறுகளுக்கு வழி திறக்கிறது. மீதியை ஏற்பார்களா என்று வைத்தியசாலை மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். மோர்ஃபின் போன்ற கடும் வலிநிவாரணிகளை வைத்தியசாலையின் அறிவுறுத்தலின்றி நீங்களாக அகற்ற வேண்டாம். ஏற்க வழியில்லாத சாதாரணக் குளிசைகளை உறையிலிருந்து பிரித்து, ஈரத் தேயிலைச் சக்கையோடோ மணலோடோ கலந்து, இறுகக் கட்டிய பையில் குப்பையில் சேர்க்கலாம். பெயர் எழுதிய உறையைக் கிழித்துவிடுங்கள். கழிவறையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். கரையோர மணல் நிலத்தில் அது நிலத்தடி நீரை எளிதில் சென்றடையும். முற்றத்தில் எரித்தாலும் நச்சுப் புகை கிளம்பும்.

ஊசிகளுக்கு மூடியைத் திரும்பப் போடாமல், தடித்த பிளாஸ்டிக் கலனில் இட்டு, முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி வைத்தியசாலையிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.