இடம் மாறிய கியரும் பழகாத கால்களும்

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் புல்லட் ஓட்டத் தொடங்கியபோது, என்னை அச்சுறுத்தியது வண்டியின் எடையன்று, கால்களின் பழைய பழக்கமே. நான் பழகிய அந்நாளைய புல்லட்டில் கியர் வலப்புறமும் பிரேக் இடப்புறமும் இருந்தன. புதிய வண்டியிலோ அவை இடம் மாறியிருந்தன. முதல் நாளே, மூன்றாவது கியருக்கு மாற்ற எண்ணி வலக்காலை அழுத்தியதும் வண்டி குலுங்கி நின்றுவிட, பின்னால் வந்த பேருந்தின் ஹாரன் காதருகே அலறியது.

அதன்பின் சாலைக்குச் செல்லாமல், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியில் இஞ்சினை அணைத்து அமர்ந்து, ‘இடது கியர், வலது பிரேக்’ என்று வாய்விட்டுச் சொல்லியபடி தினமும் கால் மணி நேரம் பழகினேன். பிறகு காலி மைதானத்தில், முதலிரண்டு கியர்களில் மட்டும் ஓட்டி, சுண்ணாம்புக் கோட்டருகே நிறுத்தப் பயின்றேன். முன் பிரேக் மட்டும் பழையபடி வலக்கைப் பிடியிலேயே இருந்தது பெரிய துணையாயிற்று. பத்தாம் நாள் கால் தானாகவே சரியான பக்கம் நகர்ந்தது.